பீரங்கிக்காரரின் காது

என் வீட்டுக்காரர் காவல் வேலை பார்க்கும் கொண்டோமினியத்தின் வாசலில், ஒரு நாள் காலை, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்திருக்கிறது. சும்மா இல்லை, வைத்த கையை எடுக்காமல் அடித்திருக்கிறது. இவர் பாட்டுக்கு நடுவழியில் நின்றுகொண்டு, காய்ந்த இலைகளைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார். லாரிக்காரன் இறங்கி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாராம். திரும்பினவர் அவனுக்கு ஒரு சல்யூட் வேறு அடித்தாராம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கொண்டோவின் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண், கெலுகோர் பாசாரில் என்னைப் பார்த்ததும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு காது சுத்தமா கேக்கல போல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேலய விட்டு எடுத்துடுவாங்க. வேல போனா போகுது லா, ஆளுக்கே ஏதாச்சும் ஆயிட்டா?"

மீன் வாங்கப் போனவள் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், என்ன ஆனாலும் சரி, இந்த மனுஷனுக்கு இரண்டு காதுக்கும் கருவி வாங்கிப் போட்டே தீருவது என்று. நல்ல கருவி எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆனால் இவர் காதை வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கொடுக்கட்டுமே என்று நினைத்தேன்.

அவர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். குண்டு ஏற்றுகிற ஆள். பீரங்கி வெடிக்கும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். அடுத்த குண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் எந்தக் கையால் பொத்துவான்? காதடைப்பான் என்று ஒன்று இருந்தது. அது ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிற நாளில் எல்லாருக்கும் கொடுப்பார்களாம், போட்டோ எடுப்பார்களாம், அதிகாரியின் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரியும்.

நம் தமிழ் ஆட்கள் பட்டாளத்துக்குப் போவது குறைவு. இவரும் போக நினைத்தவர் இல்லை. கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு பள்ளித் திடலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடப் படித்தவனுக்குத் துணையாகப் போனார். அவனை மார்பளவு பத்தாது என்று அனுப்பிவிட்டு, துணைக்கு வந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே நின்ற சார்ஜன்ட் வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளி விட்டிருக்கிறார். எஞ்சின் வேலை கற்றுத் தருவோம், வெளியே போனால் சொந்தமாக வொர்க்‌ஷாப் போடலாம், கொஞ்ச காலம் கழித்து வீட்டுக்குப் பக்கத்திலேயே மாற்றல் தருவோம் என்று. எஞ்சின் வேலையைக் கடைசி வரை யாரும் கற்றுத் தரவில்லை. இன்றைக்கும் எங்கள் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டால் ஐயா தள்ளிக்கொண்டுதான் வருவார். வீட்டுக்குப் பக்கத்தில் என்று அவர்கள் கொடுத்த இடமோ, கடல் தாண்டிப் பிளேனில் போக வேண்டிய சரவாக்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அவர் பட்டாளத்தைப் பற்றி ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. என் புடவைகளை அவர்தான் இன்றும் மடித்து வைப்பார். ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும், கடையில் கூட அப்படி மடிக்க மாட்டார்கள். குளிக்கும்போது மலாயில் ஏதோ அணிவகுப்புப் பாட்டு, ராகம் ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம். இவரைக் கட்டிக்கொடுக்கும்போது என் அப்பா பார்த்தது அரசாங்கச் சம்பளத்தை. நான் பார்த்தது, பெண் பார்க்க வந்த இடத்தில் காபி குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்த ஆளை. என் அத்தைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆண்களுக்குக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது.

கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவருடைய முதல் ஒப்பந்தம் முடியப் போகிற சமயம். ஆட்களை அணிவகுப்பில் நிற்க வைத்து அறிவித்தார்களாம், தொடர்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று. ஒரே நிபந்தனை, உடம்பு முழுத் தகுதியில் இருக்க வேண்டும். அதன் பிறகு லீவில் வந்தவர், வந்த மறுநாளே என்னை மோட்டாரில் உட்கார வைத்து ஜுருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு இன்னும் சாயம் அடிக்கவில்லை. ஒரு மூலை வீட்டுக்குள் செங்கலைத் தாண்டித் தாண்டிப் போய், சமையலறை ஜன்னல் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"அடுத்த வருஷம் இங்கதான் நீ சமைப்ப. கையெழுத்து போட்டதும் குடுக்குற காசு, அப்படியே முன்பணமா கட்டிடலாம்."

"சாயம் என்ன கலரு?" என்றேன்.

"உனக்கு எது வேணுமோ அது."

அதற்குள் அவருக்கு இடது காது பாதி போயிருந்தது. இடது பக்கமாக உட்கார்ந்து நான் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். புதுப் பெண்ணல்லவா, அவ்வளவுதான் விவரம்.

அந்தக் காதோடு அவர் எப்படி முழுத் தகுதி வாங்கினார் என்று கேளுங்கள். அவர்கள் முகாமில் அப்போது காது பார்க்க மெஷின் கிடையாது. மருத்துவ உதவியாளர் பின்னால் தள்ளி நின்றுகொண்டு, மெதுவான குரலில் ஓர் எண்ணைச் சொல்வார். முன்னால் நிற்கிறவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசையில் அடுத்து இருக்கிறவன் எதிரே கதவோரம் நிற்பான். உதவியாளர் "லாப்பான்" என்று முணுமுணுத்தால், எதிரே நிற்கிறவனுக்கு வாயசைவு தெரியும். தொடையோரம் எட்டு விரலைக் காட்டிவிடுவான். இவர் கம்பீரமாக "லாப்பான்" என்று சொல்லிவிட்டு நகர்வார். அடுத்து அவன் முறை, அவனுக்கு வேறொருவன் விரல். பீரங்கிக்காரர்கள் எல்லாருக்கும் இது பழக்கம், யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. மூட்டை தூக்க ஒரு கை கொடுப்பது மாதிரித்தான். அந்தப் பிரிவில் காது ஒழுங்காகக் கேட்கிறவன் ஒருத்தனும் இல்லை. பதிவேட்டில் காது கேட்காதவன் ஒருத்தனும் இல்லை.

இவருக்கு விரல் காட்டியது எப்போதும் ஒரே ஆள், மலாய்க்காரர், இவருடைய உயிர்க் கூட்டாளி. கெப்பாலா பத்தாஸில் வயல் வைத்திருக்கும் குடும்பம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டார். பணம் வரவில்லை. கேட்டதற்கு, அந்தத் தொகை அடுத்த வருஷத்திலிருந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் என்றார்கள். அடுத்த வருஷம் கேட்டால் அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார்கள். போட்ட கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. ஃபோனில் இதை அவர் சொன்னபோது நான் கத்திவிட்டேன்.

"வாயில்லையா உங்களுக்கு? போய் கேளுங்க. சண்டைக்கு போற ஆளுக்கு ஒரு கேள்வி கேக்க பயமா?"

"மேல இருந்து வந்த ஆர்டர்மா. கேக்க முடியாது. பரவால்ல லா."

பரவாயில்லையாம். என் பிள்ளை பிறந்தபோது லீவை ரத்து செய்தார்கள், அதற்கும் பரவாயில்லை. ஒழுகுகிற குவார்ட்டர்ஸைக் கொடுத்தார்கள், வாளியை வைத்துவிட்டு அதற்கும் பரவாயில்லை. நான் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டேன். அந்த ஜுரு வீட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேறு யாரோ வாங்கிக் குடி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைச் சொன்னால் அவர் முகம் சுருங்கிப் போகும், பாவம், அதை மட்டும் சொல்லிக் காட்டக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

ஓய்வு பெற்று வந்த பிறகு கெலுகோரில் இந்த வாடகை ஃபிளாட். வலது காதும் இறங்கத் தொடங்கியது. சாப்பிட வாங்க என்றால் இரண்டு மாடி கேட்க வேண்டும், அப்போதுதான் பக்கத்து அறையில் இருக்கிறவர் எழுந்து வருவார். புதிதாகக் குடி வந்தவர்கள் என்னைப் புருஷனைத் திட்டுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கும் தன் குரல் தனக்குக் கேட்காது, அதனால் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவர் சொல்வதையெல்லாம் லிஃப்டில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

லாரி சம்பவத்துக்குப் பிறகு அவரை இழுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற வீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பெண். பணியால் வந்த குறை என்றால் கருவியும் கொடுப்பார்கள், மாதாமாதம் ஓர் உதவித் தொகையும் உண்டு என்றாள். பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் தேடினாள். தேடிப் பார்த்துவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் பாக்சிக்கின் காது முழுத் தகுதி என்று இருக்கிறது. பட்டாளத்தை விட்டு வெளியே வந்த நாளிலும் அப்படித்தான்."

பாக்சிக், அங்கிள் என்று அவள் மரியாதையாகச் சொன்ன ஆளுக்கோ அது கேட்கவில்லை. "என்ன சொல்லுது அந்தப் பிள்ள?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வேறு வழி ஒன்றுதான். மருத்துவக் குழுவின் முன்னால் போய், அந்தத் தகுதி பொய், விரல் காட்டித்தான் தேறினோம் என்று இவர் சொல்ல வேண்டும். கூட்டாளியும் வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். இவர் முடியாது என்றுவிட்டார். இந்த விஷயத்தை வீட்டில் வைத்துப் பேசினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, பாலத்தடிக் கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.

"நான் சொன்னா அவன் மாட்டுவான். பொய் சொல்லி கையெழுத்து போட்டீங்கன்னு ரெண்டு பேரு பென்ஷனையும் நிறுத்திட்டா? அவன் வீட்ல அவ்வளவு பேரு இருக்காங்க."

"லாரி ஏறி செத்துப் போனா பென்ஷன வெச்சு நான் என்னா பண்றது?"

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனர் ஒருவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். மொழி தெரியாவிட்டால் என்ன, சண்டை தெரியாதா?

அவரிடம் பேசிப் பலனில்லை என்று நானே கூட்டாளிக்கு ஃபோன் போட்டேன். அது ஒரு கூத்து. அவருக்கும் காது கிடையாதே. நோன்புப் பெருநாளுக்கு இவர் அவருக்கு ஃபோன் செய்வார், தீபாவளிக்கு அவர் இவருக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசிவிட்டு, ரொம்ப சந்தோஷமாக வைத்துவிடுவார்கள். யார் என்ன சொன்னார் என்று பெண்டாட்டிமார் நாங்கள்தான் பிறகு பேசித் தெரிந்துகொள்வோம். அதனால் அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் புருஷனின் காதில் கத்திச் சொல்வது எனக்கு இங்கே கேட்டது.

அந்த வாரமே கூட்டாளி மோட்டாரில் பாலம் தாண்டி வந்துவிட்டார். வாழைத்தார் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மலாயில் ஆரம்பித்துவிட்டார்.

"என் பென்ஷனுக்குக் காவல் நிற்க உன்னை யார் கேட்டது? போய்ச் சொல். நானும் வந்து சொல்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். எண் சொன்ன உதவியாளருக்கே இந்த விரல் விஷயம் தெரியுமாம். ஒரு முறை டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வந்து, தான் விரல் காட்டுவதை நேருக்கு நேர் பார்த்தாராம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த வாரம் பெரிய பயிற்சி, பீரங்கிக்கு ஆள் பற்றாக்குறை.

"நல்ல மனுஷன் அவரு. எங்களுக்காக கண்ண மூடிக்கிட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

இவ்வளவு வருஷமும் அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தேநீர்த் தட்டை நங்கென்று வைத்தேன். அவர்களுக்குக் காது தேவைப்படவில்லை, கைதான் தேவைப்பட்டது என்று கத்தினேன். மலாயில் பாதி, தமிழில் பாதி. இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இவர் நிமிர்ந்து, "சரி, போய் சொல்லுவோம்" என்றார்.

மருத்துவக் குழு கூப்பிட்ட அன்று, வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டு, சப்பாத்தில் முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்பினார். குற்றவாளிக் கூண்டுக்கா போகிறோம், அணிவகுப்புக்கா என்று எனக்கே சந்தேகம். முதலில் கண்ணாடி அறைக்குள் மெஷின் வைத்துச் சோதித்தார்கள். பிறகு கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். கடைசியில் இவரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். நானும் கூட்டாளியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் கேட்டது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இவர் பதில் மட்டும், கதவு என்ன, சுவரைத் தாண்டி வந்தது. மலாயில்தான், பேச்சுக்குப் பேச்சு 'துவான்', அதாவது ஐயா.

"இரண்டாவது வருஷத்திலிருந்து, துவான்."

"சொல்லவில்லை, துவான். சொன்னால் தகுதி போய்விடும்."

அப்புறம், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டிருப்பார்கள்.

"கையெழுத்துப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னீர்கள், துவான். அதை நம்பி என் மனைவியிடம் ஒரு வீட்டைக் காட்டிவிட்டேன். இங்கேதான் நீ சமைப்பாய் என்று சொல்லிவிட்டேன். பணம் வரவில்லை. அவளிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை."

அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலும் அவருக்குச் சத்தமாகத்தான் வரும்.

"எல்லாவற்றுக்கும் திட்டுவாள், துவான். அந்த வீட்டைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை."

தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த கூட்டாளிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. "உள்ளே என்ன சொல்கிறான்?" என்று என்னிடம் கேட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரை நோகடிக்கக் கூடாது என்று என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரே விஷயத்தில்தான். அந்த மனுஷனை அறுத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அழுவுற?" என்றார்.

"ஏர்கான் கண்ணுல அடிக்கிது. உள்ள என்னா கேட்டாங்க?"

"ஒன்னுமில்லமா. பழைய கதைதான்."

முடிவு வர ரொம்ப நாள் ஆனது. காது போனது உண்மை, ஆனால் பணியால் போனது என்று ஏற்க முடியாது, பதிவு அப்படிச் சொல்லவில்லை என்றார்கள். உதவித் தொகை இல்லை. இரக்கப்பட்டு, பொதுநலக் கணக்கில் வலது காதுக்கு மட்டும் ஒரு கருவி தருவதாகச் சொன்னார்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறோம், இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை. பென்ஷனை யாரும் தொடவில்லை. அவ்வளவு பயந்தாரே, தண்டிக்கிற அளவுக்குக்கூட அங்கே ஒருத்தருக்கும் இவரைப் பற்றி அக்கறை இல்லை.

கருவியைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, அவர் ஒரு மணி நேரம் ஃபேன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். இது இவ்வளவு சத்தமா போடுது, எண்ணெய் விடணுமே என்றார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, கல்யாணமான புதிதில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க டாக்டர்கிட்ட சொன்னது, வெளிய எனக்கு எல்லாம் கேட்டுச்சு."

அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு தடவை சொன்னதுமே கேட்டுவிட்டது. காது மடல் வரைக்கும் சிவந்துபோனது அந்தக் கறுத்த முகத்தில் எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று புரிந்ததும், என்னைப் பார்க்காமல் அந்தக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விடுவேனா? அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன். இந்த ப்ளாக்கில் யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, என் முழுத் தொண்டையில் சொன்னேன்: வாக்குத் தவறினது அவங்க, நீங்க இல்ல.